உடைந்த கழுத்தும் ஏழு மாதமும்: பெர்ட் டிராட்மன் – ஒரு நிகழ்வு ஆய்வு

கழுத்து எலும்பு முறிவிலிருந்து மீண்டவர்கள் என்று பேச்சு வந்தால் கால்பந்து ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் பெர்ட் டிராட்மன். மான்செஸ்டர் சிட்டி அணியின் கோல்கீப்பர். 1956 மே 5 அன்று லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் நடத்தும் போட்டி) இறுதி ஆட்டத்தில் கழுத்து உடைந்தது. உடைந்த கழுத்தோடே கடைசி நிமிடம் வரை ஆடினார், கோப்பையும் கிடைத்தது. கதையை எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால் எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமாகப் படுகிறது: கவனிக்காமல் விட்ட முதல் சில நாட்கள், பிறகு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது, மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் ஆட்டம் திரும்பாமல் தவித்தது. கழுத்தில் அடிபட்டு வரும் யாருக்கும் இந்த மூன்றும் இன்றைக்கும் உண்டு.

அடிபட்ட விதம்

டிராட்மன் 1923-இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் படையில் இருந்து, பிடிபட்டு, இங்கிலாந்துக்குப் போர்க்கைதியாக வந்தார். விடுதலையானதும் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி, 1949-இல் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். இறுதி ஆட்டத்தின்போது வயது 32. அந்த ஆண்டு இங்கிலாந்தின் கால்பந்து எழுத்தாளர்கள் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர். உடம்பு உச்ச நிலையில் இருந்த ஆள் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிரணி பர்மிங்ஹாம் சிட்டி. மான்செஸ்டர் 3-1 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய சுமார் 17 நிமிடம் இருக்கும்போது பர்மிங்ஹாமின் பீட்டர் மர்ஃபி பந்தோடு கோலை நோக்கி ஓடி வர, டிராட்மன் அவர் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். ஓடி வந்த வேகத்தில் மர்ஃபியின் முழங்கால் டிராட்மனின் கழுத்தில் இடித்தது. டிராட்மன் நினைவிழந்து விழுந்தார்.

அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இல்லை. இங்கிலாந்து லீக் ஆட்டங்களில்கூட அந்த வசதி 1965-66 பருவத்தில்தான் வந்தது. டிராட்மன் வெளியேறினால் மீதி நேரம் பத்துப் பேர்தான் ஆட வேண்டும், கோலில் நிற்க வேறு ஒரு களத்து ஆட்டக்காரரை அனுப்ப வேண்டும். முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தில் இதே அணி, ஜிம்மி மெடோஸ் முழங்கால் காயத்தோடு வெளியேறிய பிறகு பத்துப் பேரோடு ஆடித் தோற்றிருந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பியதும் டிராட்மன் தொடர்ந்து ஆடினார். நடுவில் தன் அணியின் டேவ் யூவிங்கோடு மோதி மறுபடி கீழே விழுந்தார், மறுபடி எழுந்தார். அந்த நிமிடங்கள் மூட்டத்துக்குள் நடப்பதுபோல் இருந்தன என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதக்கம் வாங்கப் படியேறியபோது அவர் கழுத்து கோணலாக இருந்ததை இளவரசர் ஃபிலிப்பே கவனித்துச் சொன்னாராம்.

ஒரு கழுத்துக் காயத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்பது "எப்படி அடிபட்டது" என்பதை. தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்த உடம்பு, எதிரே முழு வேகத்தில் ஓடி வந்த ஆளின் முழங்கால், அதன் பின் சற்று நேரம் நினைவின்மை. வேறு எதையும் கேட்பதற்கு முன்னாலேயே, கழுத்தை அசைக்காதே, படம் எடு என்று சொல்ல இவை போதும்.

கட்டு இல்லாத நாட்கள்

நடந்தது வேறு. அன்று இரவு அணி விருந்துக்கு டிராட்மன் போனார். தலையைத் திருப்ப முடியவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்தார். மறுநாளும் வலி குறையாததால் லண்டனில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். கழுத்துப் பிடிப்பு, தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அணியோடு மான்செஸ்டர் திரும்பினார். அடிபட்டுச் சுமார் நான்கு நாட்களுக்குப் பிறகு, மான்செஸ்டர் ராயல் மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில்தான் விஷயம் தெரிந்தது. ஐந்து கழுத்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. அவற்றில் இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு இரண்டாவதன் மேல் ஆப்பு அடித்ததுபோல் இறுகி நின்றதால், பிளந்த எலும்பு அதற்குமேல் நகரவில்லை.

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நிற்பது இந்த நான்கு நாட்களில்தான். விருந்து, ரயில் பயணம், படுக்கை, எழுந்திருத்தல் எல்லாமே எந்தப் பிடிமானமும் இல்லாத கழுத்தோடு. ஒரு எலும்பு தற்செயலாக இறுகி நின்றது தவிர அவருக்கு வேறு காப்பு இல்லை. அதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆகவே டிராட்மன் பிழைத்ததை வைத்து "கழுத்து உடைந்தாலும் நடமாடலாம்" என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது ஆபத்தான முடிவு.

கைகால் செயலிழக்காமல் எப்படித் தப்பினார் என்ற கேள்விக்கு உடற்கூறிலும் ஒரு பதில் இருக்கிறது. கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். மேலிருந்து முதல் இரண்டும் மற்றவற்றைப்போல் இல்லை. முதலாவது வளையம் மாதிரி, மண்டையைத் தாங்குகிறது. இரண்டாவதிலிருந்து பல்லைப்போல ஒரு முளை மேல்நோக்கி எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. தலையை இடமும் வலமும் திருப்புவதில் ஏறக்குறைய பாதி இந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடக்கிறது. அந்த வளையத்துக்குள் இருக்கும் இடத்தை மூன்று பங்காகச் சொல்வார்கள்: ஒரு பங்கு அந்த முளைக்கு, ஒரு பங்கு தண்டுவடத்துக்கு, ஒரு பங்கு வெற்றிடம். மேல் கழுத்தில் எலும்பு கொஞ்சம் விலகினாலும் தண்டுவடம் நசுங்காமல் தப்புவதற்கு இந்த வெற்றிடம்தான் காரணம். கொஞ்சம் கீழே போனால் இந்தச் சலுகை குறைந்துவிடும். அதே நேரம், மேல் கழுத்தில் தண்டுவடம் நசுங்கிவிட்டால் கைகால் மட்டும் போகாது. மூச்சு விட உதவும் முக்கியத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு மூன்று, நான்கு, ஐந்தாம் கழுத்து நரம்புகளிலிருந்து வருகிறது, அதனால் மூச்சே நின்றுவிடும். கைகால் நன்றாக அசைகிறதே, அப்படியானால் எலும்பு உடைந்திருக்காது என்று நினைப்பது தவறு என்பதற்கு டிராட்மனைவிடத் தெளிவான சான்று கிடையாது.

இன்றைக்கு இதற்கு எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன. கனடாவில் உருவாக்கி 2001-இல் வெளியிட்ட கழுத்தெலும்பு விதி ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடிபட்டவர் முழு நினைவோடு பேசும் நிலையில் இருந்தாலும், வயது 65 அல்லது அதற்குமேல் என்றாலோ, தலைவழியாகக் கழுத்தில் பாரம் இறங்குவதுபோன்ற ஆபத்தான முறையில் அடிபட்டிருந்தாலோ, கைகால் மரத்துப்போனாலோ உடனே படம் எடுக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், சாதாரண அடி என்று தெரிந்தால் மட்டும், தானாகத் தலையை இரு பக்கமும் 45 பாகை திருப்ப முடிகிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் படம்தான். டிராட்மனுக்குத் தலையைத் திருப்பவே முடியவில்லை. இந்த விதி கையில் இருந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைப் படுக்க வைத்திருப்பார்கள்.

1956-இல் அந்த மருத்துவரிடம் எக்ஸ்ரே மட்டும்தான் இருந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதருக்கு முதல் சி.டி. ஸ்கேன் எடுத்தது 1971-இல். இரண்டாம் கழுத்தெலும்பின் முறிவு சாதாரண எக்ஸ்ரேயில் எளிதில் தப்பிவிடும். வாயைத் திறக்கச் சொல்லி, பற்களுக்கு நடுவில் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுத்தால்தான் அந்த முளை ஒழுங்காகத் தெரியும்.

எடையும் மாவுக்கட்டும்

மான்செஸ்டரில் முறிவு தெரிந்ததும் செய்தது அன்றைய முறைப்படி சரியான சிகிச்சை. மண்டையோட்டில் இரு பக்கமும் சிறு துளையிட்டு இரும்புப் பிடியைப் பொருத்தி, கயிறு கட்டி, கட்டிலின் தலைமாட்டில் எடையைத் தொங்கவிட்டுக் கழுத்தை இழுத்து வைப்பார்கள். அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் கெய்ல் கிரட்ச்ஃபீல்ட் 1933-இல் இந்த வகைப் பிடியை அறிமுகப்படுத்தினார். கேட்கக் கொடூரமாக இருந்தாலும் தத்துவம் எளிது. விலகிய எலும்புகளைச் சுற்றித் தசைகள் இறுகிக்கொண்டிருக்கும். மெல்ல, தொடர்ந்து இழுத்தால் தசை தளரும், எலும்புகள் பழைய வரிசைக்கு வரும், தண்டுவடத்துக்கு இடம் கிடைக்கும். கையால் திடீரென்று இழுத்துச் செய்ய முடியாத வேலையை எடை பொறுமையாகச் செய்கிறது.

வரிசைக்கு வந்த பிறகு, தலையையும் உடற்பகுதியையும் ஒன்றாகச் சேர்த்து மாவுக்கட்டு. முகம் மட்டும் வெளியே தெரியும்படி, கவசம் அணிந்த மாதிரி இருக்கும் டிராட்மனின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தைப் பிடிக்கத் தலையையும் நெஞ்சையும் எதற்குக் கட்டுகிறார்கள் என்று நோயாளிகளின் வீட்டார் கேட்பதுண்டு. கழுத்து இரண்டு பெரிய பாரங்களுக்கு நடுவில் இருக்கும் சிறு இணைப்பு. மேலே ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள தலை, கீழே மூச்சு விடும்போதெல்லாம் அசையும் மார்பு. இரண்டையும் பிடித்தால்தான் நடுவில் இருப்பது அசையாது.

இதே காரணத்தால்தான் மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் பஞ்சு காலர் எலும்பு முறிவுக்கு உதவாது. அது கழுத்தைச் சுற்றி மட்டும் இருக்கிறது, தலையும் மார்பும் இஷ்டத்துக்கு அசையும். "கழுத்தைத் திருப்பாதே" என்று போட்டிருப்பவருக்கு நினைவுபடுத்துவதுதான் அதன் வேலை. சாதாரணச் சுளுக்கு, வண்டி பின்னால் இடித்த வலி போன்றவற்றுக்கு அதை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் கழுத்துத் தசைதான் இளைக்கும். அந்த மாதிரி வலிக்குச் சீக்கிரமே மெல்ல அசைக்கத் தொடங்குவது நல்லது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. முறிவுக்கு வேண்டியது தாடை, பின்மண்டை, மார்பு எல்லாவற்றையும் தாங்கும் கெட்டியான காலர். மேல் கழுத்து முறிவில் பல நேரம் அதுவும் போதாது.

அந்த மாவுக்கட்டுக்குள் இருந்த மாதங்களில் டிராட்மனுக்கு வேறொரு பேரிடியும் விழுந்தது. இறுதி ஆட்டம் முடிந்து சில வாரங்களிலேயே, ஐந்து வயது மகன் கார் மோதி இறந்துபோனான். இதை ஒரு மருத்துவ ஆய்வில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். கட்டுக்குள் இருப்பவரை எலும்பாக மட்டும் பார்ப்பது எங்கள் துறையில் நடக்கிற தவறு, அதனால்தான் எழுதுகிறேன். தூக்கம், பசி, பயிற்சி செய்யும் ஆர்வம், வலியைத் தாங்கும் சக்தி எல்லாம் வீட்டில் நடப்பதோடு பிணைந்தவை. தலையை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருக்கும்போது அப்படி ஒரு துக்கத்தைத் தாங்கிய மனிதருக்கு, "ஏன் இன்னும் பழைய ஆட்டம் வரவில்லை" என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பெரும் பங்கு அங்கே இருக்கும்.

இதே கழுத்து இன்று வந்தால்

சம்பவ இடத்திலேயே தலையை ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார், கெட்டியான காலர் ஏறும், பலகையில் மாற்றுவார்கள். அடிபட்டவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, "கழுத்தை ஆட்டிப் பாருங்க" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. நல்லெண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் பிளந்த இரண்டாம் கழுத்தெலும்புக்கு அதைவிட மோசமான உதவி கிடையாது.

மருத்துவமனையில் சி.டி., தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. அப்புறம் இரண்டு வழிகள்: உள்ளே ஸ்க்ரூ போட்டு எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன், அல்லது வெளியிலிருந்து பிடிப்பது. மேல் கழுத்துக்கான ஸ்க்ரூ முறையில் இந்தியாவுக்கு முக்கியமான பங்கு உண்டு. முதல் எலும்பையும் இரண்டாம் எலும்பையும் தனித்தனி ஸ்க்ரூக்களால் பிணைக்கும் முறையை மும்பையின் டாக்டர் அதுல் கோயல் 1990-களில் வெளியிட்டார், இன்று உலகம் முழுக்க அதைப் பின்பற்றுகிறார்கள். உறுதியான பிடிப்பு கிடைக்கும், சீக்கிரம் எழுந்து நடக்கலாம். விலை என்னவென்றால், அந்த இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கும் திருப்பம் நிரந்தரமாகப் போய்விடும். அதாவது தலை திருப்பும் அளவில் ஏறக்குறைய பாதி. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். ஒரு அலுவலக ஊழியர் இதோடு நன்றாக வாழலாம். கார்னரிலிருந்து வரும் பந்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் குதிக்கும் ஆளையும் கவனிக்க வேண்டிய கோல்கீப்பருக்கு ஆட்டம் அங்கேயே முடியும். டிராட்மனுக்கு வெளிக்கட்டு மட்டும் போட்டதால்தான், எலும்பு சேர்ந்த பிறகு திருப்பம் மிஞ்சியது என்பது என் கணிப்பு.

வெளியிலிருந்து பிடிப்பதற்கு இன்று மாவுக்கட்டுக்குப் பதிலாக ஹேலோ இருக்கிறது. தலையைச் சுற்றி ஒரு வளையம். அதிலிருந்து நான்கு ஊசிமுனை ஸ்க்ரூக்கள் மண்டையோட்டின் வெளி அடுக்கில் பதியும். வளையத்திலிருந்து நான்கு தண்டுகள் இறங்கி, மார்பைச் சுற்றிய கெட்டிச் சட்டையில் முடியும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில், போலியோவால் கழுத்துத் தசைகள் செயலிழந்தவர்களின் தலையைத் தாங்கத்தான் வெர்னான் நிக்கலும் ஜாக்குலின் பெர்ரியும் இதை உருவாக்கினார்கள். 1959-இல் வெளியிட்டார்கள். முறிவுக்கு இது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் பொருத்துவதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் புருவத்தின் வெளிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இறங்கும். உள்பக்கம் தள்ளினால் நெற்றி நரம்பு மாட்டிக்கொள்ளும், வெளியே தள்ளினால் பொட்டெலும்பு மெல்லியது. ஸ்க்ரூ இறங்கும்போது நோயாளியைக் கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தி வைக்கச் சொல்வார்கள். கண்ணைத் திறந்து புருவத்தை உயர்த்தியிருக்கும்போது தோலைக் குத்திவிட்டால், பிறகு மாதக்கணக்கில் இமையை முழுக்க மூட முடியாமல் போகும். இறுக்கம் பெரியவர்களுக்கு எட்டு இஞ்ச்-பவுண்டு, அதைக் காட்டும் திருப்புளியால்தான் இறுக்க வேண்டும். பொருத்திய ஓரிரு நாளில் ஒருமுறை சரிபார்ப்பார்கள். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. மார்புச் சட்டையைக் கழற்றுவதற்கான ஸ்பேனரைச் சட்டையின் முன்பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். திடீரென்று இதயம் நின்றால் மார்பை அழுத்த அந்தச் சட்டையைத் திறக்கவேண்டும், அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஹேலோவோடு வீட்டுக்கு அனுப்பும்போது வீட்டாரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தண்டுகளைப் பிடித்து ஆளைத் தூக்கக் கூடாது, அந்த இழுப்பு நேராக மண்டைக்குப் போகும். அவருக்குத் தன் பாதம் தெரியாது, மேல்பாரமும் கூடிவிட்டது, படிக்கட்டில் யாராவது கூட வர வேண்டும். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சின்ன வாயாக. ஸ்க்ரூ இறங்கிய இடத்தில் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, 'டக்' என்று சத்தம் கேட்டாலோ அன்றைக்கே மருத்துவரிடம். சட்டைக்கு அடியில் தோள்பட்டை எலும்பு இருக்கும் இடத்தில் புண் வரும், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு ஹேலோ ஆபத்து அதிகம், விழுவார்கள், சளி கட்டும். அவர்களுக்குக் கெட்டியான காலரையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

டிராட்மனுக்கு 35 ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொரு விளையாட்டு வீரர் இந்த ஹேலோவைப் பிரபலமாக்கினார். அமெரிக்காவின் ரோட் ஐலண்டைச் சேர்ந்த குத்துச்சண்டை வீரர் வின்னி பாசியென்சா. 1991-இல் உலகப் பட்டம் வென்ற சில வாரங்களில் கார் விபத்தில் கழுத்து முறிந்தது. எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் செய்தால் மறுபடி குத்துச்சண்டை மேடையில் இறங்க முடியாது என்பதால் ஹேலோவைத் தேர்ந்தெடுத்தார். சுமார் மூன்று மாதம் அதோடு இருந்தார். வீட்டு அடித்தளத்தில் ஹேலோவோடே எடைப் பயிற்சி செய்தார். 13 மாதங்கள் கழித்து, 1992 டிசம்பரில் லூயிஸ் சாண்டானாவோடு பத்துச் சுற்றுச் சண்டை போட்டு வென்றார். எங்களிடம் வரும் இளைஞர்கள் இந்தக் கதையைச் சொல்லி, "நானும் ஜிம்முக்குப் போகலாமா" என்பார்கள். போகக் கூடாது. எடை தூக்கும்போது தோள் தசைகள் கழுத்தை இழுக்கும், ஸ்க்ரூ தளரும், சேர ஆரம்பித்த எலும்பு நகரும். ஹேலோ இருக்கும் காலத்தில் செய்யத்தக்கது நடை, கால் பயிற்சி, கை விரல்–மணிக்கட்டு அசைவு, ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி. இவற்றை ஒழுங்காகச் செய்தாலே கட்டு பிரிக்கும் நாளில் பாதி வேலை முடிந்திருக்கும்.

கட்டுப் பிரித்த பிறகு

எலும்பு சேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்பது பொதுக் கணக்கு. டிராட்மனுக்கு அதைவிட அதிகம் ஆனது. பிரித்த அன்று யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும்: தலை கனக்கும். "யாரோ தலைமேல் மூட்டையை வைத்த மாதிரி இருக்கு" என்று சொல்லாதவர்கள் குறைவு. தலை அதே எடைதான், தாங்கும் தசைதான் இளைத்துவிட்டது. அதனால் முதலில் குனிந்து நிமிர்ந்து எக்ஸ்ரே எடுத்து, எலும்புகள் நழுவவில்லை என்று உறுதிசெய்வார்கள். பிறகு கெட்டியான காலருக்கு இறங்கி, அதைச் சில மணி நேரம் கழற்றி, சில மணி நேரம் போட்டு, மெல்ல மெல்ல விடுவார்கள்.

கழுத்தில் வெளியே தெரியும் பெரிய தசைகள் சீக்கிரம் வேலைக்கு வந்துவிடும். முள்ளெலும்புகளின் முன்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆழ்ந்த சிறு தசைகள்தான் தூங்கிவிடும். தலையை நிலையாக வைத்திருப்பவை அவைதான். அவற்றை எழுப்ப ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் க்வென் ஜல் உருவாக்கிய பயிற்சி ஒன்றைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். நோயாளி மல்லாந்து முழங்காலை மடக்கிப் படுப்பார். கழுத்துக்கு அடியில் சின்னக் காற்றுப் பையை வைத்து 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரை ஊதுவோம். தலையைத் தூக்காமல், மெல்ல "ஆமாம்" என்று சொல்வதுபோல் தாடையை மட்டும் லேசாக இறக்கினால் பையோடு இணைத்த அழுத்தமானியின் முள் 22-க்குப் போகும். அங்கே பத்து நொடி. பிறகு 24, 26 என்று 30 வரை. பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நான் விரலைக் கழுத்தின் முன்பக்கத் தடித்த தசைமேல் வைத்துக்கொண்டே இருப்பேன். அது விறைத்தால் ஆள் தவறான தசையால் செய்கிறார் என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. பலசாலிகளுக்குத்தான் இது கஷ்டம். அவர்கள் பலத்தால் செய்யப் பார்ப்பார்கள்.

அடுத்தது கழுத்தின் திசையறிவு. மேல் கழுத்து மூட்டுகளிலும் தசைகளிலும் இருந்து மூளைக்கு ஓயாமல் தகவல் போகிறது: தலை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று. கண்ணும் உள்காதும் அந்தத் தகவலோடு சேர்ந்துதான் வேலை செய்கின்றன. மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் இந்தக் கணக்கு பிசகிவிடும். சோதிப்பது எளிது. தலையில் ஒரு லேசர் டார்ச்சைக் கட்டி, சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் உட்கார வைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கு வரச் சொல்ல வேண்டும். ஒளிப்புள்ளி தொடங்கிய இடத்திலிருந்து ஏழு சென்டிமீட்டருக்குமேல் விலகினால், சுமார் 4.5 பாகைப் பிழை, அது பயிற்சி தேவை என்பதன் அடையாளம். இப்படிப்பட்டவர்கள் வலியே இல்லாவிட்டாலும் "லேசா தலை சுத்துது, கூட்டத்தில் நடக்க பயமா இருக்கு" என்பார்கள். வீட்டில் அதை நடிப்பு என்று நினைப்பார்கள். நடிப்பு இல்லை.

இதை வைத்துக்கொண்டு டிராட்மனின் திரும்பலைப் பாருங்கள். 1956 டிசம்பர் தொடக்கத்தில் ரிசர்வ் அணிக்காக, அதாவது கிளப்பின் இரண்டாம் நிலை அணிக்காக, இரண்டு ஆட்டம் ஆடினார். ஆட்டத்தில் தன்னம்பிக்கை தெரியவில்லை என்று எழுதினார்கள். டிசம்பர் 15 அன்று வுல்வர்ஹாம்ப்டனுக்கு எதிராக முதல் அணியில் இறங்கினார், மூன்று கோல் விட்டார். அடிபட்டு ஏழு மாதம் பத்து நாள். தொடர்ந்து பந்துகளைத் தவறவிட்டபோது ஓய்வு பெறச் சொல்லிப் பத்திரிகைகளும் ரசிகர்களில் சிலரும் கூச்சலிட்டார்கள். எலும்பு சேர்ந்திருந்தது. ஆனால் உயரமாக வரும் பந்தை நிமிர்ந்து பார்த்து, அது எங்கே இறங்கும் என்று கணித்து, எதிரியின் காலடியில் யோசிக்காமல் பாய வேண்டிய வேலை அவருடையது. கழுத்தின் திசையறிவும் பயமின்மையும் சேர்ந்தால்தான் அது வரும். அந்த இரண்டையும் தனியாகச் சோதிக்கவோ பயிற்றுவிக்கவோ அன்று ஆள் இல்லை, ஆட்டத்திலேயே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அதுவும் பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க.

இன்றைக்கு அவரை நான் திட்டமிட்டால் பாய்வதைக் கடைசியில்தான் வைப்பேன். முதலில் உட்கார்ந்தபடி பந்தைக் கண்ணால் மட்டும் தொடர்வது. அப்புறம் தலையும் கண்ணும் சேர்ந்து. பிறகு நின்றபடி, நடந்தபடி. கழுத்தின் நான்கு பக்கமும் எதிர்விசை கொடுத்துத் தசை வலிமையைக் கூட்டுவது. மெத்தையில் முழங்காலிட்ட நிலையிலிருந்து பக்கவாட்டில் சாய்வது, பிறகு புல்லில், பிறகு ஆள் இல்லாமல் பாய்வது, கடைசியில்தான் எதிரே ஆள். ஒவ்வொரு படியிலும் முழு அசைவு, வலியின்மை, இரு பக்க வலிமை, பதற்றமின்மை நான்கும் தேறினால்தான் அடுத்தது. தேதியைக் குறித்துவிட்டு உடம்பை அதற்குள் திணிக்கக் கூடாது.

பலன்

டிராட்மன் விட்டுவிடவில்லை. மெல்லப் பழைய நிலைக்கு நெருங்கி, 1964 வரை மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடினார். மொத்தம் 545 ஆட்டம். அவருக்காக 1964 ஏப்ரல் 15 அன்று நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2013-இல், 89 வயதில் காலமானார். கைகால் செயலிழப்பு இல்லாமல், அறுவை சிகிச்சை இல்லாமல், தொழில்முறை ஆட்டத்துக்கே திரும்பியது மிகச் சிறந்த பலன் என்றுதான் பதிவு செய்வேன்.

முழுக் குணம் என்று எழுத மாட்டேன். எதிர்பாராமல் தலையைத் திருப்பினால் வலிக்கிறது என்று முதுமையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். மேல் கழுத்து முறிவு ஆறியவர்களில் பலருக்கு இப்படி ஒரு மிச்சம் தங்கும். எலும்பு சேர்ந்த இடத்தின் மேலும் கீழும் உள்ள மூட்டுகள் கூடுதல் வேலை செய்து தேய்வது ஒரு காரணம். அதனால் கட்டுப் பிரித்ததோடு நோயாளியின் ஃபைலை மூடிவிடாமல், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று வரச் சொல்லிப் பார்க்கிறோம். வரும்போது கேட்பவை: கையில் புதிதாக மரத்துப்போகிறதா, பட்டன் போடும்போதோ எழுதும்போதோ விரல் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் உண்டா. இவற்றில் ஒன்று ஆமாம் என்றாலும், முறிந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், அன்றே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்ப வேண்டும்.